கடல்மட்டத்துக்குத் திருத்தியது

கட்டபெட்டுக்கு மேலே ஏழாவது தொழிற்சாலை.
காலாண்டுப் படிவம் ஒன்று, பேனா இரண்டு
(குளிரில் ஒன்று எழுதாது),
நனைந்த செருப்போடு நான்.

மீட்டர் அறை கோழிக்கூடு அளவு.
கண்ணாடிக்குள் எண்கள்
ஓசையில்லாமல் புரள்கின்றன.
சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தியில்
தேயிலை கறுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு.
ஆறாயிரம் அடியில் காற்று இளகிக் கிடக்கிறது;
வாயுவும் கைகால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது.
மீட்டர் நூறு என்றால்
நான் எண்பது சொச்சம் என்று எழுத வேண்டும்.
மாநிலம் முழுவதையும் ஒரே தராசில் வைக்க
எல்லா மலையையும்
எண்ணூர்க் கரைக்கு இறக்கிவிடுவது என் உத்தியோகம்.

ஜோகி கவுடர் கணக்கர் மேசையில் சாய்ந்து கேட்டார்:
"விறகு எரிச்சப்போ ஒருத்தரும் வரலீங்களே மேடம்.
வாரத்துக்கு மூணு லாரி யூகலிப்டஸ்.
பக்கத்து அட்டி வரைக்கும் புகை.
சுத்தமான வாயுன்னு சொன்னீங்க, மாத்தினோம்.
மாத்தின கையோட நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

அவர் சொல்வதில் பிழையில்லை.
விறகுக்கு என் படிவத்தில் சுழியம்.
வெட்டிய மரம் மறுபடி முளைக்கும் என்று
எவரோ எழுதிவைத்த நம்பிக்கை.
தேநீர் வந்தது. குடித்தேன்.
அந்தக் கோப்பைக்கும் சில கிராம் கணக்கு உண்டு;
சொல்லவில்லை.

கோவையிலிருந்து விற்றவர்கள் அனுப்பிய தாள்:
நாற்பத்தோராயிரத்து இருநூறு கன மீட்டர்.
திருத்தியபின் மீட்டர் சொல்வது:
முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று முப்பது.
மூன்று முறை கழித்தேன்.
மூன்று முறையும் ஆயிரத்து நானூற்று எழுபது
வீடு வந்து சேரவில்லை.

"வர்ற வழியில கொட்டியிருக்கும்," என்றார் கணக்கர்,
அரிசி மூட்டையைச் சொல்வதுபோல்.

உலர்த்தியின் பர்னரைப் பார்த்துக்கொள்ளும்
யோகரத்தினம் கதவருகே நின்று சொன்னார்:
"வாசம் வருதே மேடம். மழைக்கு முந்தியிருந்தே."
"அது கீழ்த் தோட்டத்து முட்டைக்கோசுய்யா.
விலை போகாம அழுகுது."

வாசனையே இல்லாத வாயுவில்
அழுகல் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள்,
ஆபத்தை மூக்காவது அறியட்டும் என்று.
முட்டைக்கோசு விளையாத ஊரில்
உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு.

வாளியில் சோப்பு கரைந்தது.
லாரி வந்து இறக்கும் கொட்டகைக்கும் மீட்டருக்கும் நடுவே
பத்தொன்பது இணைப்புகள்.
ஒவ்வொன்றின் தலையிலும் யோகரத்தினம் துணியைப் பிழிந்தார்,
காய்ச்சல்காரனுக்கு நெற்றி நனைப்பதுபோல்.
பதினாலாவதில்
நுரை பொங்கியது,
யாரோ மறந்துபோன அடுப்பில் பால்போல.

ஒருவரும் பேசவில்லை.
கணக்கர் தன் சட்டைப்பைத் தீப்பெட்டியை
வெளியே, வெகுதூரம் கொண்டுபோய்
ஒரு கல்மேல் வைத்துவிட்டு வந்தார்.

எரிந்ததற்கு என் படிவத்தில் வரிசை உண்டு.
பெருக்கினால் எழுபத்தைந்து டன்.
எரியாமல் போனது அதைவிடப் பொல்லாதது,
கிலோவுக்குக் கிலோ பல மடங்கு சூடு;
அதற்கு வரிசை இல்லை.
கடைசியில் 'குறிப்புகள்' என்று
இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
எழுதாத பேனாவை உதறி உதறி அதில் எழுதினேன்:
பதினாலாவது இணைப்பு. 1470. எரியவில்லை.

சென்னையில் தாள்களைச் சேர்ப்பவர்
லட்சம் டன்னுக்கு முழுமையாக்குவார்.
இந்த ஆலையே அதில் தூசி.
கட்டத்தைப் படிப்பாரா, தெரியாது.
நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறேன்.

கடைசிப் பேருந்து. கொண்டை ஊசியில்
நாளைய வாயு லாரி முக்கி முனகி ஏறுகிறது,
டீசலில். அது வேறு துறையின் கணக்கு.
குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்துத் திறந்தது.
நானும் கடல்மட்டத்துக்குத் திருந்திக்கொண்டிருக்கிறேன்.

திடீரென்று நாற்றம்.
பக்கத்து இருக்கைப் பெண் காலடிச் சாக்கைத் தொட்டு,
"முட்டக்கோசுங்க," என்றாள், நான் கேட்காமலே.

திறந்து காட்டச் சொன்னேன்.